மரை கழண்ட துப்பாக்கி

"தம்பி, அப்பாக்க துப்பாக்கியில நிப்பிள் போட்டிருக்குல்லா, அது என்ன அளவு மரைன்னு தெரியுமா? கடையில கேக்காங்க. நீ எஞ்சினியர்லா."

போன மாசம் திருவனந்தபுரத்தில் இருந்து அக்கா போன் பண்ணிக் கேட்ட கேள்வி இது. நான் அப்போ இங்கே பர்மிங்ஹாமில் ஆபீஸ் கேன்டீனில் ஒரு காய்ந்த சாண்ட்விச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேன். "பத்து நிமிஷத்துல கூப்பிடுதேன்க்கா" என்று சொல்லி வைத்தேன். கூப்பிட ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சாண்ட்விச் அப்படியே இருந்தது.

நட்டு, போல்ட்டு, மரை. இதை வைத்துத்தான் இருபத்தைந்து வருஷமாகச் சோறு தின்கிறேன். ஆனாலும் அந்த ஒரு துப்பாக்கியின் மரையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஏன் என்று வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒன்று நான். இன்னொன்று பெரியப்பா. அவர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, கொசுவர்த்திச் சுருளைச் சுத்த ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

எங்கள் குடும்பம் நாகர்கோவில் பக்கம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பெரியப்பாவின் சர்க்கார் உத்தியோகம் மட்டும் திருவனந்தபுரத்திலேயே நின்றுவிட்டது. கரமனையில் வீடு. சாலைக் கடைத்தெருவில் போய் நின்றால் தமிழிலேயே பேரம் பேசி வாங்கிவிட்டு வரலாம், அதனால் ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை என்பார். எனக்கு அங்கே எஞ்சினியரிங் சீட் கிடைத்ததும், "ஹாஸ்டல் எதுக்குடே, நம்ம வீடு கெடக்கே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாலு வருஷம் பெரியம்மை கையால் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது.

பெரியம்மைக்குச் சீதனமாக வந்த நிலம் விதுரையைத் தாண்டி, பொன்முடி மலையின் அடிவாரத்தில் இருந்தது. ரெண்டு ஏக்கர். மரச்சீனியும் வாழையும். (மரச்சீனி என்றால் தெரியாதவர்களுக்கு: மரவள்ளிக் கிழங்கு.) அங்கே மரச்சீனி போடுவது நாம், தின்பது காட்டுப்பன்றி. ஒரு ராத்திரி பத்துப் பன்றி இறங்கினால் காலையில் உழுத வயல் மாதிரி இருக்கும். தகர டப்பா தட்டிப் பார்த்தார்கள், பழைய சேலையைக் கட்டிப் பார்த்தார்கள். பன்றிகள் ரெண்டு நாளில் பழகிக்கொண்டன.

அப்போதுதான் அந்தத் துப்பாக்கி. பெரியம்மையின் அப்பா வைத்திருந்தது, பெரியப்பா பெயருக்கு லைசென்ஸ் மாற்றி வாங்கினார். லைசென்ஸில் எஸ்.பி.எம்.எல். என்று போட்டிருக்கும். ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து போடுகிற ஜாதி. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்திலேயே, பயிரைக் காப்பாற்ற நியாயமாகக் கேட்கிறவனுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று 13-ஆம் பிரிவில் இருக்கிறது. எலெக்‌ஷன் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கி வரவேண்டும். பெரியப்பா பன்றியைச் சுட்டதே இல்லை. வெறும் மருந்தைக் கெட்டித்து ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். மலை முழுக்க எதிரொலிக்கும். பன்றி ஒரு வாரத்துக்கு வராது. "டிலனாய் உதயகிரிக் கோட்டையில பீரங்கி வார்த்த நாடுடே இது, பன்னிக்கா பயப்படுகது?" என்று அவர் மார்தட்டுவார். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய். பெரியப்பாவுக்கு அவர் ஏதோ சொந்தக்காரர் மாதிரி.

இப்போ மேட்டருக்கு வருவோம். இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால்தான் நான் செய்த கூத்து புரியும்.

குழல் ஒரு இரும்புக் குழாய். அதன் பின்பக்கத்தை ஒரு கனமான திருகு அடைத்திருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதில் மரை வெட்டி ஒரு நிப்பிள் திருகி இருக்கும். (சிரிக்காதீங்க, அதுக்குப் பேரே அதான். சைக்கிள் கம்பியிலும் நிப்பிள் உண்டு.) நிப்பிள் தலையில் ஒரு செப்புத் தொப்பி, நம்ம ஊரில் கேப்பு. சுத்தியல் கேப்பை அடித்தால் பொறி, நிப்பிளின் நடுவில் இருக்கிற மெல்லிய துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். அந்தத் துளை ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. பொறி உள்ளே போகவேண்டும், ஆனால் உள்ளே வெடிக்கிற அழுத்தம் வெளியே வரக்கூடாது. அதனால்தான் அத்தனை சின்னது.

அடித்தால் வெடிக்கிற ரசாயனத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1807-ல் காப்புரிமை வாங்கினார். பழைய துப்பாக்கியில் முதலில் தெரிகிற பொறியைப் பார்த்தே வாத்துகள் பறந்துவிடுகின்றன என்கிற கடுப்பில் கண்டுபிடித்ததாம். கேப்பும் நிப்பிளும் அதற்குப் பிறகு வந்தவை.

கருமருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எரிந்த பிறகு பாதிக்கு மேல் கசடாகவே மிஞ்சும். அந்தக் கசடு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். பழைய வகைக் கேப்பு என்றால் இன்னும் மோசம், உப்பு மாதிரி ஒன்றை மிச்சம் வைக்கும். வெடித்த அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடவில்லை என்றால் இரும்பைத் தின்றுவிடும். 1992 ஜூனில் மழை பிடித்துக்கொண்டது, பெரியப்பாவுக்குக் காய்ச்சல், துப்பாக்கி கழுவாமல் மூலையில் இருந்தது. ரெண்டு மாசம் கழித்துப் பார்த்தால் நிப்பிள் குழலோடு ஒட்டிப் பிறந்த மாதிரி நிற்கிறது. தலை வேறு நசுங்கிவிட்டது, கேப்பு உட்காரவில்லை.

அதற்கென்று இருக்கிற சாவியைப் போட்டுப் பொறுமையாகத் திருப்பியிருக்க வேண்டும். அவர் கட்டிங் பிளேயரைப் போட்டு முறுக்கியிருக்கிறார். சதுரம் வட்டமாகிவிட்டது. அப்புறம் நாலு ராத்திரி மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, ஒரு வழியாகக் கழற்றினபோது துருவோடு பாதி மரையும் சேர்ந்து வந்தது.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் வருஷ மெக்கானிக்கல் மாணவன் ஒருவன் வீட்டில் இருந்தான்.

"குடுங்க பெரியப்பா, நான் செஞ்சு தாறேன். இது ஒரு வேலையா?"

மரை கழண்ட கேஸ் என்று சொல்வார்களே, அது அன்றைக்கு நான்தான். கல்லூரிப் பட்டறையில் இருந்த எம்6 போல்ட் ஒன்றை அந்த ஓட்டையில் வைத்துத் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. கடைசி வரைக்கும் இறங்கியது! கொஞ்சம் ஆடின மாதிரி இருந்தது, பழைய ஓட்டை அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் போல்ட்டையே லேத்தில் பிடித்து நிப்பிள் செய்தேன். நடுத்துளைக்குச் சின்ன டிரில் இல்லை, ரெண்டு மில்லிமீட்டர்தான் இருந்தது, அதையே போட்டேன். ஆடுவதற்கு என்ன செய்தேன் தெரியுமா? குழாய் ரிப்பேர்காரர் மாதிரி டெஃப்லான் டேப்பைச் சுற்றினேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

"நிக்குமாடே?" என்றார் பெரியப்பா.

"கல்லு மாதிரி நிக்கும் பெரியப்பா."

முதல் ரெண்டு வெடி ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. மூன்றாவது வெடி ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி, காவல் மாடத்தில் இருந்து. நான் கீழே டார்ச்சோடு நின்றேன். வழக்கமான சத்தத்தோடு இன்னொரு சின்னச் சத்தம், 'ட்டிங்' என்று. அப்புறம் பெரியப்பா பேசவே இல்லை. மேலே ஏறிப் பார்த்தால் மூக்குக் கண்ணாடியின் வலது பக்கம் இல்லை, முகம் முழுக்க ரத்தம். நிப்பிள் மரையைப் பிய்த்துக்கொண்டு, சுத்தியலைத் தள்ளிவிட்டுக் கிளம்பிப் புருவத்தைக் கிழித்துப் போயிருக்கிறது. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் விடிந்துவிட்டது. ஏழு தையல். "அரை இஞ்ச் கீழே பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்" என்றார் டாக்டர்.

பெரியம்மை ஓடி வந்து அழுதாள், துப்பாக்கியைத் திட்டினாள், செய்தவனைத் திட்டினாள். "எந்தப் பாவி ரிப்பேர் பண்ணினான்?" பெரியப்பா படுத்துக்கொண்டே சொன்னார்: "யாரும் பண்ணல்லை. பழைய சாமானம்லா, தானா கழண்டு போச்சு."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த 'வாயைத் திறக்கவில்லை'தான் முப்பது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது.

தையல் பிரித்த பிறகு, லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் வேலை செய்த வயதான மேஸ்திரியிடம் துப்பாக்கியைக் கொண்டுபோனோம். துப்பாக்கியை ரிப்பேர் பண்ணக்கூட லைசென்ஸ் வேண்டும் என்று சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேஸ்திரி கடிகாரக்காரர் மாதிரி கண்ணில் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு ஓட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். "யாரோ ஒரு லேத்துக்காரன்" என்றார் பெரியப்பா. மேஸ்திரி லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேறியால் போரா மோனே. நிக்கணும்."

ஏறினால் மட்டும் போதாது, நிற்கவேண்டும். என் நாலு வருஷப் படிப்பில் இதைவிடப் பெரிய பாடம் எதுவும் கிடைக்கவில்லை.

அவர் வேலை செய்ததைப் பல நாள் காலேஜுக்கு மட்டம் போட்டுப் பார்த்தேன். கழற்றின ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஒரு அட்டையில் ஓட்டை போட்டு அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்தார். பழைய துப்பாக்கியில் ரெண்டு ஸ்க்ரூ ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் வீட்டில் இன்னொன்று குடியிருக்காது, கையால் ஒவ்வொன்றாகப் பொருத்தினது. பிறகு பின்னடைப்புத் திருகைச் சோதித்தார். நிப்பிள் போனால் புருவம், அது போனால் ஆளே இல்லை என்றார். கடைசியில்தான் நிப்பிள். என்னுடைய ஓட்டையில் இனி பழைய மரையைக் காப்பாற்ற முடியாது. கெட்ட இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு, சுற்றிலும் போதுமான கனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த பெரிய அளவுக்கு மரை வெட்டி, அதற்குப் புது நிப்பிள் கடைந்து, பதம் வைத்துப் போட்டார். மரையில் கொஞ்சம் தேன்மெழுகும் கொழுப்பும் தடவினார், அடுத்தவன் கழற்றுவதற்கு. அப்புறம் ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குழியில், ரெண்டு டயரில் துப்பாக்கியைக் கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்து மூணு தடவை வெடித்தார். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பெரியப்பா கையில் கொடுத்தார்.

1999-ல் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தேன். பெட்டியில் அந்தப் பழைய, வட்டமாய்ப் போன நிப்பிளும் வந்தது. (துப்பாக்கியின் பாகமும் சட்டப்படி ஆயுதம்தான் என்பது அப்போது இந்த மண்டைக்குத் தெரியாது. யாரும் இதைச் செய்யாதீங்க.) வந்த முதல் வருஷமே ஆபீஸ் லேபில் ஒரு மத்தியானம் அதை அளந்து பார்த்தேன்.

மரை கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த ரெண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

1841 வரைக்கும் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு கடை போல்ட் இன்னொரு கடை நட்டில் ஏறாது. அந்த வருஷம்தான் ஜோசப் விட்வொர்த் எல்லோருக்கும் ஒரே அளவு என்று ஒரு திட்டம் வைத்தார். பல்லின் கோணம் 55 டிகிரி. (இதே விட்வொர்த் 1850-களில் ஆறுபட்டைக் குழலோடு ஒரு வாய்வழித் துப்பாக்கியும் செய்தார் என்பது இங்கே வந்து தெரிந்துகொண்டது.) நாம் இப்போது வாங்குகிற மெட்ரிக் போல்ட்டின் கோணம் 60 டிகிரி.

பெரியப்பா நிப்பிளின் விட்டம் கால் இஞ்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர். இஞ்சுக்கு 26 மரை. நான் போட்ட எம்6-க்கு விட்டம் 6, மரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர். அதை இஞ்சுக்கு மாற்றினால் 25.4 மரை! 26-க்கும் 25.4-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியுமா? அதுதான் வெண்ணெய் மாதிரி இறங்கியது. ரொம்ப வித்தியாசமான மரையாக இருந்திருந்தால் ரெண்டு சுற்றிலேயே சிக்கிக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கும். சரியான நிப்பிள் என்றால் பல் 0.62 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பிடித்திருக்கும். எம்6 போட்டால் புது ஓட்டையிலேயே 0.45. துருவில் பாதி போன ஓட்டையில்? நுனியை நுனி தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மீதியைப் பிடித்துக்கொண்டிருந்தது டெஃப்லான் டேப்பும் என் திமிரும். போதாததற்கு அந்த ரெண்டு மில்லிமீட்டர் துளை, அழுத்தத்துக்கு வாசல் திறந்துவிட்டிருக்கிறது.

லேபில் லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு வருஷம் கழித்துத்தான் நான் என்ன செய்தேன் என்றே எனக்கு முழுசாகப் புரிந்தது.

இந்த ஊரில் பான்பரி தெருவில் ப்ரூஃப் ஹவுஸ் என்று ஒன்று இருக்கிறது. 1813-ல் பார்லிமென்ட் சட்டம் போட்டு ஆரம்பித்தது, இன்றைக்கும் நடக்கிறது. குழலில் வழக்கத்தைவிட அதிகமாக மருந்து கெட்டித்து வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. கிரீடம், கீழே குறுக்காக ரெண்டு செங்கோல், பி.பி.சி. என்ற எழுத்து. 1904 வரைக்கும் அந்த முத்திரை. முதல் தடவை அதன் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பெரியப்பா துப்பாக்கியின் குழலில் நான் விரலால் தடவிப் பார்த்த அதே குறி. விதுரையில் பன்றி விரட்டின குழல் இந்த ஊரில் பிறந்தது. நான்தான் இங்கே வந்தேன் என்று நினைத்தேன், அது எனக்கு முன்னாலேயே இங்கிருந்து அங்கே போயிருக்கிறது.

இனி அக்காவின் போன்.

பன்றித் தொல்லை இப்போது முன்னைவிட மோசம். 2022-ல் கேரள அரசு, பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டது. பெரியப்பா போனதும் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, லைசென்ஸைத் தன் பெயருக்குக் கேட்டு அக்கா மனு போட்டிருக்கிறாள். அதற்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். நிப்பிள் தேய்ந்திருக்கிறது, மாற்றவேண்டும் என்றார்களாம். என்ன அளவு என்று கேட்டார்கள். பழைய மேஸ்திரி உயிரோடு இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டேன். எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. இருபத்தைந்து வருஷ அனுபவம், சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்வார்கள்.

"அக்கா, எனக்குத் தெரியாது. நான் சொன்னாலும் நம்பாதீங்க. அளந்து பாக்கச் சொல்லுங்க. ஏறுதுன்னு எதையும் போட விடாதீங்க."

மறுநாள் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. குழலை மரக்கட்டையில் இருந்து பிரித்து எடுத்திருக்கிறார்கள். அடிப்பக்கம், கட்டைக்குள் மறைந்து யார் கண்ணுக்கும் படாத இடத்தில், கூரான ஊசியால் கீறியிருந்தது: 5/16 - 22. கீழே 92. மேஸ்திரி அடுத்து வரப்போகிற, முகம் தெரியாத ஒருத்தனுக்காக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர்கள் அதை வைத்துச் சரிபார்த்துச் செய்துவிட்டார்களாம்.

"இன்னொண்ணு தம்பி" என்றாள் அக்கா. "அப்பாக்க கேப்பு டப்பாவுக்குள்ள ஒரு சின்ன நிப்பிள் கெடக்கு. மாடத்துக் கழியில குத்தி நின்னதை அப்பாதான் பறிச்சு எடுத்தாங்க. தாள்ல சுத்தி உன் பேரு எழுதி வச்சிருக்காங்க. எனக்கு அப்பமே தெரியும்டே. அம்மைக்குத்தான் தெரியாது."

பெரியம்மைக்கு எண்பத்தைந்து வயசாகிறது. இன்றைக்கும் அந்தத் துப்பாக்கி இருக்கிற அறைக்குள் போகமாட்டாள், அவள் புருஷன் கண்ணைப் பறிக்கப் பார்த்த சனியன் என்பாள். இப்போது அதைத் தன் மகள் கையில் எடுக்கப் போகிறாள் என்று ராத்திரி தூக்கம் வரவில்லையாம்.

அக்கா, இதை அவளுக்குப் படித்துக் காட்டு. சித்திரையில் வந்து நேரிலும் சொல்லுகிறேன்.

பெரியம்மை, அது துப்பாக்கியோட குத்தம் இல்லை. நான் போட்ட மரை.